தேரையில் ஆண் எது, பெண் எது? வீட்டுக் கால்வாய் முதல் முட்டைச் சரம் வரை ஒரு முழு வழிகாட்டி

பினாங்கில் தரைவீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தேரை புதிதில்லை. இருட்டியதும் முன்வாசல் விளக்கடியில் வந்து உட்காரும். விழுகிற ஈசலையும் வண்டையும் பொறுக்கித் தின்னும். விடிவதற்குள் பூச்சட்டிக்கு அடியிலோ லொங்காங் என்கிற வீட்டுக் கால்வாயின் மூடிக்குக் கீழேயோ போய்விடும்.

பிள்ளைகள் இதைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, இது ஆணா பெண்ணா என்பதுதான். "பெருசா இருந்தா பொம்பள" என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. உருவத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் அடிக்கடி தவறும். விரலையும் குரலையும் சேர்த்துப் பார்த்தால் அநேகமாகத் தவறாது. அதை எப்படிச் செய்வது, ஆணும் பெண்ணும் கூடிய பிறகு என்ன நடக்கிறது, முட்டையை எப்படி அடையாளம் காண்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம். பக்கத்து வீட்டுத் தேரையே இதற்குப் போதும், காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

முதலில், அது தேரைதானா?

நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், காண்பது பெரும்பாலும் ஆசியத் தேரை. அறிவியல் பெயர் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். 1799இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை முதலில் விவரித்தார். தமிழ்நாட்டில் வாசலுக்கு வருவதும் இலங்கையில் வருவதும் இதே கூட்டம்தான்.

தலையைப் பாருங்கள். கண்ணுக்கு மேலேயும் மூக்கை நோக்கியும் கறுப்புக் கோடு இழுத்தாற்போல எலும்பு மேடு ஓடும். உடம்பெல்லாம் பருக்கள், பல பருக்களின் நுனி கறுப்பு. விரல் நுனியும் கறுப்பு. கண்ணுக்குப் பின்னால் நீள்வட்டமாக இரண்டு தடித்த சுரப்பிகள் இருக்கும். நஞ்சு இருப்பது அங்கேதான். தோல் வறண்டு தெரியும், கால் குட்டை, தாவுவதும் குட்டைத் தாவல்தான். வழவழப்பான தோலும் நீண்ட பின்னங்காலும் இருந்து, ஒரே எட்டில் காணாமல் போனால் அது தவளை. சுவரிலோ தண்ணீர்த் தொட்டி ஓரத்திலோ ஒட்டிக்கொண்டிருந்தால் அது மரத்தவளை. உருண்டையாக, முதுகின் இரு பக்கமும் அகலமான வெளிர்ப் பட்டை ஓடினால் அது பட்டை உருண்டைத் தவளை. மழை விட்டதும் கால்வாயிலிருந்து "ஊவ்... ஊவ்..." என்று தெருவே அதிரக் கத்துவது அதுதான். பலர் அந்தச் சத்தத்தைத் தேரையின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

கொடிமலை அடிவாரத்திலும் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவின் ஓடைகளிலும் ஆற்றுத் தேரை என்ற இன்னொன்றைப் பார்க்கலாம். கரும்பழுப்பு நிறம், முரட்டுத் தோல், பின்னங்கால் விரல்களுக்கிடையே நல்ல சவ்வு, பெரிய உருவம். ஆணைவிடப் பெண் தெளிவாகவே பெரியது. அதைப் பார்த்து ரசியுங்கள், கையில் எடுக்காதீர்கள். பூங்காவில் எதையும் பிடிப்பது முறையல்ல. இனிமேல் சொல்வதெல்லாம் வீட்டுப்பக்கத் தேரையைப் பற்றி.

எப்போது, எதைக் கொண்டு போவது?

நல்ல மழை பெய்து ஓய்ந்த இரவு. இதைவிடச் சிறந்த நேரம் இல்லை. நமக்கு ஆண்டு முழுவதும் மழை உண்டு என்பதால் தேரைக்கும் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் உண்டு. ஆனாலும் மழை கூடும் மாதங்களில் கூட்டம் பெருகும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் நவம்பரிலும் மழை அதிகம்.

ஒரு டார்ச்லைட், ஒரு சுத்தமான கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டப்பா, கையுறை. இவ்வளவுதான். கொசு மருந்து பூசிய கையோடு தேரையைத் தொடாதீர்கள். அதன் தோல் நீரையும் காற்றையும் உள்வாங்குவது, மருந்தையும் உள்வாங்கிவிடும். கையைச் சோப்பில்லாமல் நன்றாக அலசி, ஈரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். காலில் மூடிய செருப்பாவது வேண்டும், பூட்ஸ் இருந்தால் நல்லது. தேரை இருக்கும் இடத்தில் அதைத் தேடிப் பாம்பும் வரும். காலில் புண் இருந்தால் கால்வாய்த் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் நம் ஊரில் விளையாட்டல்ல.

படி 1: தொடாமல் பார்ப்பது

தரையில் உட்கார்ந்திருக்கும் தேரைக்குப் பக்கவாட்டில் குனிந்து, டார்ச் ஒளியைக் கண்ணில் நேராக அடிக்காமல் தாழ்வாகப் பிடியுங்கள்.

உருவம் முதலில். ஆண் மூக்கிலிருந்து பின்புறம் வரை சுமார் 6 முதல் 8 சென்டிமீட்டர். பெண் சராசரியாக அதைவிடச் சற்றுப் பெரியது, உடம்பும் அகலம். பெரிய உடம்பில்தான் அதிக முட்டை கொள்ளும் என்பதால் பெண்ணுக்குப் பருமன் லாபம். அதனால் பெண் பருவத்துக்கு வர ஆணைவிட அதிக நாள் எடுக்கும். சிக்கல் என்னவென்றால், இளம் பெண்ணும் முதிர்ந்த ஆணும் ஒரே அளவில் இருக்கும். நன்றாகத் தின்று கொழுத்த ஆண், பெண் போலவே தெரியும். ஆகையால் மிகப் பெரியதைப் "பெண்ணாக இருக்கலாம்" என்று குறித்துக்கொண்டு அடுத்த அடையாளத்துக்குப் போய்விடுங்கள்.

தொண்டை அடுத்தது. ஆணுக்குத் தாடைக்குக் கீழே ஒற்றைக் குரல் பை உண்டு. கத்தாத நேரத்தில் அந்தத் தோல் தளர்ந்து, சற்றுச் சுருங்கிக் கிடக்கும். இனப்பெருக்க நாட்களில் அங்கே மஞ்சளோ வெளிர் ஆரஞ்சோ ஏறியிருக்கும். பெண்ணின் தொண்டை வயிற்றின் நிறத்திலேயே, இறுக்கமாக இருக்கும். தேரை மூச்சு விடும்போது தொண்டை படபடவென்று அடித்துக்கொள்வது இரண்டுக்கும் பொது, அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

பெருமழை இரவில் ஓர் அதிசயம் காணலாம். பழுப்பாக இருந்த சில ஆண்கள் உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக மாறி நிற்கும். கூடும் பருவம் முடிந்ததும் பழைய பழுப்புக்குத் திரும்பிவிடும். கூட்ட நெரிசலில் "நானும் ஆண்தான், என் மேல் ஏறாதே" என்று மற்ற ஆண்களுக்குக் காட்டத்தான் இந்த நிறம். பழுப்பும் மஞ்சளுமாகப் பொம்மைத் தேரைகளை வைத்துச் சோதித்தபோது, ஆண்கள் பழுப்புப் பொம்மையைத்தான் பிடித்தன, மஞ்சளை விட்டுவிட்டன. ஆக, மழைநாளில் குளத்தோரம் மஞ்சளாக நிற்பதை ஆண் என்று எழுதிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் நிறம் எதையும் சொல்லாது. நிற்கும் இடத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்பப் பழுப்பு கூடும் குறையும், அவ்வளவே.

வயிறு மூன்றாவது. முட்டை நிறைந்த பெண்ணுக்கு இரு விலாவும் வெளியே தள்ளி, மேலிருந்து பார்க்கையில் உடம்பு அகன்று தெரியும். ஆணின் முன்னங்கை உடம்புக்குப் பொருந்தாத அளவு தடித்திருக்கும். மணிக்கணக்கில் பெண்ணை விடாமல் பிடித்திருக்கும் கை அது.

படி 2: காது கொடுத்துக் கேட்பது

கூப்பிடுவது ஆண். பெண் பாடுவதில்லை. ஆசியத் தேரையின் அழைப்பு "குர்ர்ர்ர்... குர்ர்ர்ர்..." என்று நீண்டு அதிரும். ஒரு மூச்சில் தொடங்கினால் பல விநாடிகள் விடாமல் ஓடும். தண்ணீர் ஓரத்திலோ ஆழமில்லாத இடத்திலோ உட்கார்ந்து, தலையைத் தூக்கி, தொண்டைப் பையைக் குமிழாக ஊதிக்கொண்டு கத்தும். அந்தப் பை ஊதுவதை ஒரு தடவை டார்ச்சில் பார்த்துவிட்டால் வேறு சான்றே தேவையில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பதும் இங்கே நடக்கத்தான் செய்கிறது. சத்தத்தைக் கேட்டுப் பெண் மட்டும் வருவதில்லை, பாம்பும் ஆந்தையும் வரும். இருந்தும் ஆண் கத்துகிறது, கத்தாத ஆணைத் தேடிப் பெண் வராது.

ஒரு நுணுக்கம். கத்தும் இடத்தைச் சுற்றிலும் கத்தாமல் பதுங்கியிருக்கும் தேரைகளை எல்லாம் பெண் என்று எண்ணிவிடாதீர்கள். குரல் எழுப்பாமல், மற்ற ஆணின் அழைப்புக்கு வரும் பெண்ணைக் குறுக்கே மடக்கப் பார்க்கும் ஆண்களும் அங்கே இருக்கும்.

படி 3: முன்னங்கையின் உள்விரல்

இதுதான் மிக நம்பகமான கண் அடையாளம். கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

தேரையை டப்பாவுக்குள் நடக்கவிட்டு மூடி, டப்பாவைத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். முன்னங்கையில் நான்கு விரல்கள்தான் இருக்கும். உடம்பை ஒட்டி உள்பக்கம் இருப்பதை முதல் விரல் என்றும் அதற்கடுத்ததை இரண்டாவது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். பருவத்துக்கு வந்த ஆணுக்கு இந்த இரண்டு விரல்களின் உள்பக்கத்தில் கறுப்பாக, சொரசொரப்பாக ஒரு திட்டு இருக்கும். விரல் நுனியிலுள்ள கறுப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நுனிக் கறுப்பு எல்லா விரல்களிலும் உண்டு, ஆணுக்கும் உண்டு பெண்ணுக்கும் உண்டு. இந்தத் திட்டு விரலின் பக்கவாட்டில், அடிப்பகுதியை நோக்கி ஓடும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நுண்ணிய முட்கள் நெருக்கமாக நிற்பதே தெரியும். இல்லாவிட்டால் கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். பெண்ணின் விரல் அதே இடத்தில் வெளிறி, மிருதுவாக இருக்கும்.

தண்ணீரில் வழுக்கும் பெண்ணை நழுவவிடாமல் பிடிப்பதற்காக ஏற்பட்டது இந்தச் சொரசொரப்பு. ஆண் ஹார்மோன் ஏறும்போது தடித்துக் கறுக்கும், இறங்கும்போது மங்கும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் கூடல் நடப்பதால் பெரும்பாலான ஆண்களிடம் எப்போதும் ஏதாவது தடயம் தெரியும். ஆனாலும் திட்டு இல்லை என்பதற்காக மட்டும் பெண் என்று முடிவு கட்ட வேண்டாம். திட்டு இருந்தால் ஆண், அதில் சந்தேகமில்லை. இல்லையென்றால் படி 4.

படி 4: பிடித்துப் பார்ப்பது

முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு விலாவிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொருந்துமாறு மெதுவாகப் பிடியுங்கள். தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள், துள்ளி விழுந்தால் அடிபடும். அழுத்த வேண்டியதில்லை, இன்னொரு தேரை கட்டிக்கொண்டது போன்ற லேசான பிடி போதும்.

ஆணாக இருந்தால் சில விநாடிகளில் "கிக்... கிக்... கிக்" என்று சிணுங்கி, உடம்பெல்லாம் அதிரும். விரலுக்குள் அந்த அதிர்வு நன்றாகத் தெரியும். "தப்பாகப் பிடித்துவிட்டாய், விடு" என்று இன்னோர் ஆணுக்குச் சொல்லும் குரல் அது. குளத்தில் நெரிசலான இரவில் ஆண்கள் அசைகிற எதையும் பிடித்துவிடும், மற்ற ஆணையும் பிடிக்கும், மிதக்கிற தேங்காய் மட்டையையும் பிடிக்கும். இந்தக் குரல் இல்லாவிட்டால் ஆணை ஆண் விடவே விடாது. பெண் பெரும்பாலும் சத்தம் போடாது, உதறும், உந்தும், சிறுநீர் பெய்யும்.

சிறுநீர் பட்டால் மரு வரும் என்பது வெறும் பேச்சு. மருவுக்குக் காரணம் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ். ஆனால் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியை நசுக்காதீர்கள். வெள்ளையாகக் கசியும் பால் உண்மையான நஞ்சு, இதயத்தைத் தாக்கக்கூடியது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வீட்டு நாய் தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், ஈரத் துணியால் வாயைத் துடைத்து, தலையைக் கீழே சாய்த்துத் தண்ணீர் வெளியே வழியுமாறு அலசி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டிருக்கும் இணையை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அங்கே சோதனையே தேவையில்லை. மேலே இருப்பது ஆண், சுமப்பது பெண். நெரிசலில் ஆண் மேல் ஆண் ஏறியிருந்தால் கீழே இருப்பது சிணுங்கும், சற்று நேரத்தில் பிடி விட்டுவிடும்.

எதை நம்பக் கூடாது?

செவிப்பறை பெரிதாக இருந்தால் ஆண் என்று சிலர் சொல்வார்கள். அது அமெரிக்கக் காளைத்தவளை போன்ற சில தவளைகளுக்கான விதி. தேரைக்கு ஒத்துவராது. பருக்களின் எண்ணிக்கை, கண்ணின் நிறம் இரண்டும் பயனில்லாதவை. குட்டித் தேரையிலும் தலைப்பிரட்டையிலும் வெளியே பார்த்து ஆண் பெண் சொல்லவே முடியாது. பருவம் வந்த பிறகுதான் விரலும் தொண்டையும் மாறும்.

தேரைக் குடும்பத்து ஆண்களிடம் ஒரு விந்தையும் உண்டு. விந்தகத்தின் முனையில் வளர்ச்சியடையாத சூலகம் போன்ற சிறு பகுதி ஒட்டியிருக்கும். பிடர் உறுப்பு என்பார்கள், 19ஆம் நூற்றாண்டு உடற்கூறியல் அறிஞர் பிடரின் பெயரால். விந்தகத்தை அகற்றிவிட்டால் இந்தப் பகுதி வளர்ந்து சூலகமாக மாறுவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வெளியே இதன் தடயம் எதுவும் தெரியாது. இருந்தும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஆண் பெண் என்று நாம் இரண்டாகப் பிரிப்பதை உடம்பு அவ்வளவு கறாராகப் பிரித்து வைக்கவில்லை.

ஆண் தேரை மருத்துவத்துக்கும் உதவியிருக்கிறது. 1947இல் அர்ஜென்டினா மருத்துவர் கார்லோஸ் காலி மைனினி, பெண்ணின் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசியில் செலுத்திக் கர்ப்பத்தைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். கர்ப்ப ஹார்மோன் இருந்தால் சில மணி நேரத்தில் தேரையின் சிறுநீரில் விந்தணு தென்படும். அந்தப் பரிசோதனைக்கு ஆண் எது என்று தெரிந்திருக்க வேண்டும், விரலைப் பார்க்கும் பழக்கம் ஆய்வுக்கூடங்களுக்கும் தேவைப்பட்டது.

கூடும் இரவு

மழை நிற்கும். கால்வாய் வளைவில், திடலின் தேங்கிய பள்ளத்தில், வயல் ஓரத்தில் ஆண்கள் முதலில் வந்து சேரும். பெண்கள் பிறகு, ஒவ்வொன்றாக வரும். எந்த இரவிலும் ஆண்களின் எண்ணிக்கைதான் அதிகம், அதனால்தான் அத்தனை போட்டி.

ஆண் பின்னாலிருந்து பெண்ணின் முதுகில் ஏறி, இரண்டு கைகளையும் அவளுடைய அக்குளுக்குக் கீழே கோத்துப் பூட்டிக்கொள்ளும். பிறகு வேறு ஆண்கள் வந்து முட்டும், இழுக்கும், நடுவே நுழையப் பார்க்கும். மேலே இருப்பது பின்னங்காலால் உதைத்துத் தள்ளும். சில நேரம் நான்கைந்து ஆண்கள் ஒரே பெண்ணின் மேல் உருண்டையாகத் திரண்டு, அடியில் அவள் மூச்சு முட்டிச் சாவதும் உண்டு. பார்க்க மனம் பொறுக்காது. ஆனாலும் கை வைக்காமல் விடுவதே நல்லது, நாம் பிரித்தால் இணையும் சேர்ந்து பிரிந்துவிடும்.

பெண் அவனைச் சுமந்தபடியே நடந்து தனக்குப் பிடித்த இடத்தைத் தேடும். மணிக்கணக்கில் இது நீளும். முட்டையிடுவது பெரும்பாலும் பின்னிரவில். தேரையின் கருவுறுதல் உடம்புக்கு வெளியே நடப்பது. பெண் முட்டையை வெளித்தள்ளும் அதே நேரத்தில் ஆண் அதன் மேல் விந்தை விடும். இரண்டு உடம்பும் ஒட்டி இருந்தால்தான் தண்ணீரில் விந்து சிதறுவதற்குள் முட்டையைச் சேரும். அந்த இறுகிய பிடியின் பயன் அதுதான்.

உலகத்துத் தேரைகளெல்லாம் இப்படியல்ல. தான்சானிய மலைக்காடுகளில் உடம்புக்குள்ளேயே கருவுற்று, முழு உருவக் குட்டிகளை ஈனும் தேரைகள் இருக்கின்றன. மலேசியக் காடுகளிலேயே, மரப்பொந்தின் சிறு தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம் பெரிய முட்டைகளை இடும் குட்டை இனத் தேரைகள் உண்டு. நம் வீட்டுத் தேரையின் வழி வேறு: நிறைய இடு, விட்டுவிட்டுப் போ.

முட்டையை அறிவது

மறுநாள் காலை போய்ப் பாருங்கள். தண்ணீரில் புல்லையும் சருகையும் சுற்றிக்கொண்டு, கண்ணாடிக் குழம்புக்குள் கருகமணி கோத்தாற்போல நீளமான சரங்கள் கிடந்தால் அது தேரை முட்டை. இரண்டு கருமுட்டைக் குழாய்களிலிருந்தும் ஒரே நேரத்தில் வருவதால் சரம் எப்போதும் இரண்டு இழை. சில மீட்டர் நீளம்கூட இருக்கும். ஒரே பெண் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் இடும்.

தவளை முட்டையானால் கொத்தாகவோ, நீர்மேல் ஏடாகப் பரந்தோ கிடக்கும். வாளி விளிம்பிலும் செடித் தண்டிலும் வெள்ளை நுரை உருண்டையாக ஒட்டியிருந்தால் மரத்தவளையின் வேலை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வாழ்க்கைச் சுழற்சி வரையும்போது தேரைக்கும் கொத்தையே வரைந்து வருகிறார்கள். தேரைக்குச் சரம்தான், அதைத் திருத்திக் கொடுங்கள்.

தலைப்பிரட்டையிலிருந்து குட்டித் தேரை வரை

நம் வெயிலில் முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும். முதலில் வெளிவருவது நீந்தக்கூடத் தெரியாத கறுப்புப் புள்ளி. குழம்பிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு வெளிச் செவுளால் மூச்சு வாங்கும். பிறகு செவுளைத் தோல் மூடும், வாலில் வலு வரும், பாசியைச் சுரண்டித் தின்னத் தொடங்கும்.

தேரைத் தலைப்பிரட்டை சிறியது, கன்னங்கறுப்பு, கூட்டமாகத் திரியும். இந்தக் கூட்டத்தில் ஒழுங்கு உண்டு. கர்நாடகத்தின் தார்வாடில் நடந்த ஆய்வுகளில், இதே ஆசியத் தேரையின் தலைப்பிரட்டைகள் ஒரே சரத்தில் பிறந்த உடன்பிறப்புகளை அடையாளம் கண்டு அவற்றோடு சேரவே விரும்பின என்று தெரியவந்தது.

பின்னங்கால்கள் முதலில் மொட்டாகத் தெரியும். முன்னங்கால்கள் தோலுக்கு உள்ளேயே மறைவாக வளர்ந்து, ஒருநாள் சட்டென்று வெளியே வந்துவிடும். அந்த நாட்களில் தலைப்பிரட்டை சாப்பிடுவதை நிறுத்திவிடும். கொம்புப் பற்கள் உதிர்ந்து வாய் அகலும், நீண்ட குடல் சுருங்கிப் பூச்சி தின்னும் குடலாகும், செவுள் போய் நுரையீரல் வேலையை எடுத்துக்கொள்ளும். வால் உதிர்வதில்லை, உடம்பே அதைக் கரைத்துச் சத்தாக்கிக்கொள்ளும். வால் குட்டையாகி, இன்னும் சரியாகத் தாவத் தெரியாத அந்த ஓரிரு நாள்தான் அதன் வாழ்க்கையில் மிக ஆபத்தான காலம். தண்ணீர், வெப்பம், தீனி, நெரிசல் எல்லாவற்றையும் பொறுத்து முட்டையிலிருந்து இதுவரை ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகலாம். பள்ளம் வற்றத் தொடங்கினால் உருமாற்றத்தை விரைவுபடுத்தவும் செய்யும், அப்போது குட்டி சிறியதாக இருக்கும்.

வீட்டில் வளர்த்துப் பார்ப்பதென்றால்

பத்துப் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் போதும், அதற்கு மேல் எடுக்காதீர்கள். அகலமான தொட்டி, கையளவு ஆழம். மழைத்தண்ணீர் நல்லது. குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போக விடுங்கள். கங்கோங் கீரையை நன்றாக வேகவைத்து ஆறவைத்து, நகக்கண் அளவு போடுங்கள். மிஞ்சியதை மறுநாளே எடுத்துவிட வேண்டும், அழுகினால் ஒரே இரவில் எல்லாம் செத்துப்போகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

தொட்டியை நெருக்கமான வலையால் இடைவெளி இல்லாமல் மூடுவது கட்டாயம். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். பிறகு டெங்கியும் வரும், சுகாதார அதிகாரிகளின் அபராதமும் வரும். தலைப்பிரட்டைகள் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று நம்பாதீர்கள், அவற்றின் முக்கிய உணவு பாசி. கொசுப்புழு மருந்து போட்ட தண்ணீரில் இவற்றை வளர்க்கவும் கூடாது.

பின்னங்கால் வந்ததும் தொட்டியில் ஒரு சாய்ந்த கல்லோ மரத்துண்டோ வையுங்கள். ஏறி உட்கார இடமில்லாவிட்டால் நுரையீரல் வந்த குட்டி தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். வால் கரைந்ததும், எடுத்த அதே கால்வாய்க்கரையில், மாலை நேரத்தில், ஈரமான புல்லில் விடுங்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடக் கூடாது. இதே ஆசியத் தேரை மடகாஸ்கரின் தோமாசினா துறைமுகப் பக்கத்தில் 2014இல் கண்டுபிடிக்கப்பட்டது, அங்கே பெருகி இன்று கட்டுப்படுத்த முடியாத தொல்லையாக நிற்கிறது. ஓர் இரவில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் உயிரினத்துக்குப் புது இடத்தில் காலூன்ற அதிக நாள் ஆவதில்லை.

குட்டிகள் கரையேறும் வாரம்

குட்டித் தேரை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, எறும்பும் சிறு பூச்சியும் அதன் தீனி. மழை பெய்த காலையில் நடைபாதையெல்லாம் தத்தித் தத்திப் போகும். அந்த ஒரு வாரம் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டாமல் தள்ளிப்போடுங்கள். வாசலில் உப்பு தூவித் தேரையை விரட்டுகிற பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். உப்பு அதன் தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, வெந்துபோகச் செய்து கொல்லும். வெளியேற்ற வேண்டுமென்றால் முறத்தில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செடி ஓரத்தில் விட்டால் போயிற்று.

கடைசியாக, நம் தாமான் கால்வாய்களின் செங்குத்துச் சிமெண்டுச் சுவர். விழுந்த தேரை ஏற வழியில்லாமல் வெயிலில் காய்ந்து சாகிறது, அல்லது அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போகிறது. உங்கள் வீட்டுக்கு நேரே ஒரு பழைய பலகையைச் சாய்வாக, தண்ணீர் ஓட்டத்தை மறிக்காமல், ஓரமாகக் கட்டி வையுங்கள். பலகையின் மேல் முகத்தில் குறுக்கே நாலைந்து இடத்தில் கயிறு சுற்றினால் ஈரத்திலும் கால் வழுக்காது. பெருமழை எச்சரிக்கை வரும் நாளில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள், பலகை மிதந்துபோய் அடுத்த மதகை அடைக்கக் கூடாது.